பிறர் கணக்கைப் பேணும் பணி



கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், பெருநாள் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது, தாங்கள் 'அக்கவுண்ட் மேனேஜர்' ஆக இருப்பதாகச் சொல்வதுண்டு. பெற்றோர் அதைக் கேட்டு மகிழ்ந்து, "பிள்ளை கம்பெனியில் கணக்கு எழுதுகிறான், காற்றாடிக்குக் கீழே கிராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறான்" என்று அண்டை வீட்டாரிடம் கூறுவர். பிள்ளையும் விளக்கிச் சொல்ல வழி தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவன் பார்ப்பது கிராணி வேலை அன்று. ஆயினும் பெற்றோர் சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. மின்னிலக்க விளம்பர நிறுவனங்களில் வாடிக்கையாளர் கணக்குகளைப் பேணும் அந்தப் பணியைப் பற்றியதே இன்றைய உரை. எஸ்.பி.எம். முடித்து அத்துறைக்குப் போக எண்ணும் மாணவர்களையும், சிறு வணிகம் நடத்திக்கொண்டு அத்தகைய நிறுவனத்திடம் பணம் கொடுக்க எண்ணும் பெரியவர்களையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இத்தொழிலில் 'கணக்கு' என்னும் சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. ஒரு வாடிக்கையாளரையே கணக்கு என்பர். "எங்களிடம் பதினைந்து கணக்குகள் இருக்கின்றன" என்று ஒரு நிறுவனத்தார் சொன்னால், பதினைந்து வணிகர்களின் விளம்பரங்களை அவர்கள் கவனிக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, கூகுளிலோ முகநூலிலோ விளம்பரம் செய்வதற்குத் திறக்கப்படும் கணக்கு. வங்கியில் கணக்குத் திறப்பது போன்றது இது. எண் உண்டு, உரியவர் பெயர் உண்டு, திறவுகோலும் உண்டு. மூன்றாவது, நாம் அனைவரும் அறிந்த வரவு செலவுக் கணக்கு. கணக்கு நிர்வாகி என்பவர் இம்மூன்றையும் ஒருங்கே பேண வேண்டியவர். ஒன்றில் கவனம் பிசகினால் மற்ற இரண்டும் நெடுநாள் நிலைக்கமாட்டா.

வாடிக்கையாளரைக் கணக்கு என்று அழைக்கும் வழக்கம் கூகுளோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் 1840களின் தொடக்கத்தில் வோல்னி பாமர் என்பவர் விளம்பரத் தரகராகத் தொழில் தொடங்கினார். வணிகர்களிடம் விளம்பரம் வாங்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார். பத்திரிகைகள் அவருக்குத் தரகு கொடுக்கும். அவருக்குப் பின் 1860களில் ஜார்ஜ் ரோவெல் என்பவர் பத்திரிகைகளில் இடத்தை மொத்தமாக வாங்கி, வணிகர்களுக்குச் சில்லறையாக விற்றார். என்ன விலைக்கு வாங்கினார், என்ன விலைக்கு விற்றார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது அல்லவா? இந்தத் தரகர் யாருடைய ஆள்? பத்திரிகையின் ஆளா, வணிகரின் ஆளா?

இதற்கு ஒரு விடை கண்டவர்கள் அதே ஃபிலடெல்ஃபியாவில் இருந்த என்.டபிள்யூ. அயர் நிறுவனத்தார். 1870களில் அவர்கள் 'திறந்த ஒப்பந்தம்' என்னும் முறையைக் கொண்டுவந்தனர். பத்திரிகைக்கு உண்மையில் கொடுத்த விலை இவ்வளவு, எங்கள் கூலி அதன்மேல் இவ்வளவு என்று வணிகருக்குத் திறந்து காட்டும் முறை அது. பிற்காலத்தில் 15 விழுக்காட்டுத் தரகு என்பது விளம்பரத் தொழிலில் நெடுநாள் நின்ற வழக்கமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. பத்திரிகையின் இடத்தில் இன்று கூகுளும் முகநூலும் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. புத்தகம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் தரம் பெரும்பாலும் விளங்கிவிடும் என்பது என் கருத்து.

இனி வேலைக்கு வருவோம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கும் ஓர் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். பாடத்துக்காக நான் கற்பனை செய்துகொண்ட கடைதான் இது. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அவர் ஒரு விளம்பர நிறுவனத்தை நாடுகிறார். நம் பிள்ளை அந்தக் கணக்கை ஏற்கிறான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நாள் பாடத்திட்டம் எழுதுவது. பாட இறுதிக்குள் மாணவன் எதைச் செய்யக்கூடியவனாய் இருக்கவேண்டும் என்பதை முதலில் எழுதவேண்டும். "மாணவர் பின்னத்தைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்புக் கோடு போடுவார். "பத்துக் கணக்குகளில் எட்டைச் சரியாகச் செய்வர்" என்று எழுதவேண்டும். விளம்பரத் திட்டமும் அப்படித்தான். "கடை பெயர் எல்லாருக்கும் தெரியவேண்டும்" என்று அம்மையார் சொல்லுவார். அது விருப்பம், அதை வைத்துக்கொண்டு எவரும் வேலை செய்ய இயலாது. நம் பிள்ளை பொறுமையாகக் கேட்கவேண்டும். சென்ற ஆண்டு எத்தனை டப்பா விற்றீர்கள்? அதில் பழைய வாடிக்கையாளர் வாங்கியது எவ்வளவு? எந்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? ஒரு டப்பாவில் உங்களுக்கு நிற்பது எவ்வளவு?

இவற்றுள் பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, ஒரு நாளைக்கு உங்கள் அடுப்பில் எவ்வளவு செய்ய முடியும்?" என்பதே அது. மூன்று பெண்கள் சேர்ந்து நாளுக்கு நாற்பது டப்பாதான் செய்ய முடியும் என்றால், இருபது நாளில் எண்ணூறு. பழைய வாடிக்கையாளர் அறுநூறு வாங்கிவிடுவார்கள். ஆகவே விளம்பரத்தால் வரவேண்டியது இருநூறு டப்பா. ஆளுக்கு இரண்டு டப்பா என்றால் நூறு புதிய வாடிக்கையாளர். இதுதான் குறிக்கோள். இதற்குமேல் ஆள் திரட்டினால், பணம் கட்டியவர்களுக்குத் தீபாவளிக்கு முதல் நாள் வரையில் பலகாரம் போய்ச் சேராது. பிறகு அந்தக் கடையைப் பற்றி அவர்கள் எழுதும் கருத்துகளை எந்த விளம்பரத்தாலும் துடைக்க முடியாது.

குறிக்கோள் எழுதி முடிந்தபின் அடுத்து வருவது திறவுகோல். இந்த இடத்தில்தான் நம் சிறு வணிகர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். ஆதலால் சற்று நின்று பேசுவோம்.

எனக்குத் தெரிந்த பூக்கடைக்காரர் ஒருவர் ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டிவந்தார். முகநூல் பக்கத்தைத் திறந்தவர்கள் அவர்கள். இணையத்தளத்தின் பெயரைப் பதிவு செய்தவர்கள் அவர்கள். விளம்பரக் கணக்கும் அவர்கள் பெயரிலேயே இருந்தது. கட்டணத்தில் பிணக்கு வந்து இவர் விலகியபோது, ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் தொடர்பும், அவர்கள் எழுதிய பாராட்டுகளும், எந்த விளம்பரம் எவ்வளவு விற்றது என்னும் பதிவும் அங்கேயே தங்கிவிட்டன. கடையின் பெயர்ப்பலகையைக்கூட வாடகைக்கு எடுத்தது போல் ஆயிற்று அவர் கதை. புதுப் பக்கம் திறந்து, முதலிலிருந்து தொடங்கினார். அந்த நிறுவனத்தார் சட்டத்தை மீறினார்களா என்பது வேறு. திறக்கும் நாளிலேயே எல்லாவற்றையும் கடைக்காரர் பெயரில் திறந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது.

முறையாகச் செய்வது எப்படி? கூகுள் தன் விளம்பரச் சேவையை 2000 ஆம் ஆண்டில் 'ஆட்வேர்ட்ஸ்' என்னும் பெயரில் தொடங்கியது. 2018 முதல் அதற்குக் 'கூகுள் ஆட்ஸ்' என்று பெயர். அங்கே ஒவ்வொரு விளம்பரக் கணக்குக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. விளம்பர நிறுவனங்கள் தங்களுக்கென 'மேலாளர் கணக்கு' ஒன்றை வைத்துக்கொள்கின்றன. வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டு வாங்கி, இணைப்புக்கு வேண்டுகோள் அனுப்பும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் நிறுவனத்தார் தங்கள் இடத்திலிருந்தே அக்கணக்கை நடத்தலாம். உறவு முடிந்தால் வாடிக்கையாளர் இணைப்பை நீக்கிவிடலாம். கணக்கும் அதன் பழைய பதிவுகளும் அவரிடமே இருக்கும். தோட்டத்து வீட்டில் மின்சாரம் பழுது பார்க்க ஆள் வந்தால் கதவைத் திறந்துவிடுகிறோம். வீட்டையே அவர் பெயருக்கு எழுதிக்கொடுப்பதில்லை அல்லவா?

உள்ளே வருபவர்களுக்கும் படிநிலைகள் உண்டு. ஒருவர் பார்க்க மட்டும் செய்யலாம். ஒருவர் பணம் கட்டும் பகுதியை மட்டும் கவனிக்கலாம். ஒருவர் விளம்பரங்களை மாற்றலாம். முழு அதிகாரமும் உடையவர் பிறரைச் சேர்க்கவும் நீக்கவும் செய்யலாம். கடையின் உரிமையாளர் எப்பொழுதும் முழு அதிகாரத்தைத் தம்மிடம் வைத்திருக்கவேண்டும். "எனக்கு இந்தக் கணினி வேலையெல்லாம் தெரியாது தம்பி, நீயே வைத்துக்கொள்" என்று அவர் சொன்னாலும், நல்ல நிர்வாகி அதை ஏற்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, உரிமையாளரின் கைப்பேசியிலேயே திறந்து காட்டிவிட்டுத்தான் வருவான். முகநூலிலும் இப்படியே. 2021இல் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், வணிகர் தம் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, விளம்பர நிறுவனத்தைப் 'பங்காளி'யாக மட்டும் சேர்க்க வழி செய்திருக்கிறது. கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் இனியும் தேவையில்லை.

கடவுச்சொல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இப்போது இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒரு முறை உண்டு; கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் கொடுக்கவேண்டும். அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்தக் கைப்பேசி யாருடையது? சென்ற மாதம் வேலையை விட்டுப் போன இளைஞனுடையது என்றால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தபாலில் போட்டதற்குச் சமம். ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே நுழைவதுதான் முறை. அப்படி நுழைந்தால், யார் எந்நாளில் எதை மாற்றினார் என்பதும் கணக்கிலேயே பதிவாகிவிடும். இணையத்தளப் பெயரையும் மறக்கக்கூடாது. புள்ளி மை என்று முடியும் பெயர்களின் பதிவேடு மைநிக் அமைப்பிடம் உள்ளது. அதில் உரிமையாளர் என்று எழுதியிருப்பது கடைக்காரரின் பெயர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்குத் திறக்கும்போது சிறு பிழை ஒன்றும் பெருந்தொல்லை தரும். கூகுள் ஆட்ஸில் எந்த நாட்டு நாணயத்தில் கணக்குத் திறக்கிறோமோ அதைப் பிறகு மாற்ற இயலாது. ரிங்கிட்டுக்குப் பதிலாக அமெரிக்க டாலர் என்று அவசரத்தில் தொட்டுவிட்டால், வேறு கணக்குத்தான் திறக்கவேண்டும்.

இனிப் பணம். நாளொன்றுக்கு 50 வெள்ளி செலவிடுவது என்று அம்மையாரும் நம் பிள்ளையும் முடிவு செய்கிறார்கள். மறுநாளே ஒரு நாளில் 83 வெள்ளி போயிருக்கிறது என்று காண்கிறார் அம்மையார். உடனே தொலைபேசி எடுக்கிறார். "தம்பி, ஐம்பது என்றுதானே பேசினோம்?" இந்த அழைப்பு வராமல் பார்த்துக்கொள்வதும் கணக்கு நிர்வாகியின் வேலை. கூகுளின் விதி இது: நாம் குறிப்பது சராசரித் தொகை, ஆட்கள் மிகுதியாகத் தேடும் நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை செலவாகலாம், வேறொரு நாளில் குறையும். ஆனால் ஒரு மாதத்தில், நாள் தொகையை 30.4ஆல் பெருக்கி வரும் தொகைக்கு மேல் போகாது. 50 வெள்ளி என்றால் மாதத்துக்கு 1,520 வெள்ளிதான் வரம்பு. அதன்மேல் சேவை வரி உண்டு. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு வரி விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. ஆக, 121 வெள்ளி 60 காசு கூடி, 1,641 வெள்ளி 60 காசு ஆகிறது. இதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. காட்டாமல் விட்டால், பிறகு எத்தனை முறை விளக்கினாலும் ஏதோ மறைக்கிறான் என்னும் ஐயம் அந்த அம்மையார் மனத்தைவிட்டு நீங்காது.

நிறுவனத்தின் கூலி வேறு. சிலர் மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவர். சிலர் விளம்பரச் செலவில் ஒரு விழுக்காடு வாங்குவர். இரண்டாவது முறையில் ஒரு சங்கடம் உண்டு. வாடிக்கையாளர் அதிகம் செலவிட்டால் நிறுவனத்துக்கு வருமானமும் அதிகம். அதனால் அம்முறையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. செலவைக் குறைக்கச் சொல்லும் நேர்மை அங்கே கூடுதலாக வேண்டும். இன்னும் சிலர், விளம்பரச் செலவும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு, தங்கள் அட்டையிலேயே கூகுளுக்குக் கட்டிவிடுவர். கொடுத்த 3,000 வெள்ளியில் விளம்பரத்துக்குப் போனது 2,000மா 1,200ஆ என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஜார்ஜ் ரோவெல் காலத்துக்குத் திரும்பிவிட்டோம் என்றே சொல்லவேண்டும். கூகுளும் முகநூலும் அனுப்பும் செலவுச் சீட்டு வாடிக்கையாளர் கையில் நேரே கிடைத்தால், அதுவே நம் காலத்துத் திறந்த ஒப்பந்தம்.

இரண்டு வாரங்கள் ஆகின்றன. அறிக்கை கொடுக்கவேண்டிய நாள். வண்ணப் படங்களோடு பத்துப் பக்க அறிக்கையைக் கணினியே செய்து கொடுத்துவிடும். "உங்கள் விளம்பரத்தை 40,000 முறை காட்டினோம், 1,000 பேர் தொட்டுப் பார்த்தார்கள்" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும். அம்மையாருக்கு மகிழ்ச்சி. ஆனால் நம் பிள்ளை ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். பதினான்கு நாளுக்கு 700 வெள்ளி, வரி 56, ஆக 756 வெள்ளி. வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்கள் 60 பேர். வாங்கியவர்கள் 18 பேர். 756ஐ 18ஆல் வகுத்தால் ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர ஆன செலவு 42 வெள்ளி. அவர் வாங்கும் இரண்டு டப்பாவில் அம்மையாருக்கு நிற்பது 24 வெள்ளி. ஒவ்வொரு விற்பனையிலும் 18 வெள்ளி கைநட்டம்! நான்காம் ஆண்டு மாணவன் போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது. பத்துப் பக்க அறிக்கையில் இந்த ஒரு வரி இல்லாமற்போவதுதான் வியப்பு.

இதைச் சொல்லுவது எளிதன்று. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், விலகிப் போவார் என்னும் அச்சம் இளைஞர்களுக்கு இயல்பு. ஆயினும் கெட்ட செய்தியை அவராகக் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்லிவிடவேண்டும். சொல்லும்போது காரணமும் மாற்றும் கையில் இருக்கவேண்டும். "அக்கா, இந்த இரண்டு வாரம் நட்டம். ஏன் என்று பார்த்துவிட்டேன். இரண்டு இடத்தில் பணம் ஒழுகுகிறது. அடைக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை கணக்கோடு வருகிறேன்." அவ்வளவு போதும்.

ஒழுகும் அந்த இரண்டு இடங்கள் யாவை? கூகுளில் ஒருவர் என்ன சொற்களைத் தேடி விளம்பரத்துக்கு வந்தார் என்பதைப் பட்டியலாகப் பார்க்கலாம். பார்த்தால், முறுக்கு செய்வது எப்படி, அதிரசம் பாகு பதம் என்று தேடியவர்களே பாதிப் பேர் இருப்பார்கள்! அவர்கள் வீட்டில் செய்ய நினைப்பவர்கள்; வாங்க வந்தவர்கள் அல்லர். ஆயினும் தொட்டதற்குக் காசு போய்விட்டது. செய்முறை, பதம், எப்படி போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அச்சொற்களைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் தோன்றாது. இரண்டாவது, இடம். கிள்ளான் வட்டாரம் என்று நாம் குறித்தாலும், அங்கு இருப்பவர்களோடு அவ்விடத்தில் நாட்டம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் கூகுள் கணக்கில் தானாக அமைந்திருக்கும் முறை. ஜொகூரிலிருந்து கிள்ளானைப் பற்றித் தேடுபவரும் அதில் வந்துவிடலாம். அவருக்கு அம்மையாரால் பலகாரம் அனுப்ப முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடவேண்டும்.

மாற்றியபின் அடுத்த இரு வாரங்களில் தொட்டவர்கள் 600 பேராகக் குறைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர்கள் 35 பேர். செலவு அதே 756 வெள்ளி. தலைக்கு 21 வெள்ளி 60 காசு. இப்போது ஒவ்வொரு விற்பனையிலும் சிறிதேனும் நிற்கிறது. அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு விளம்பரம் இல்லாமலே வருவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனால் வண்ண அறிக்கையை மட்டும் பார்த்தால், ஆயிரம் அறுநூறாகச் சரிந்துவிட்டது என்றே தோன்றும். இரண்டு தடவையும் சேர்த்து 53 பேர்தான் வந்தார்கள். நூறு என்னும் குறிக்கோளை எட்டவில்லை என்பதையும் நம் பிள்ளை எழுதவேண்டும். நாங்கள் பாடத்திட்டத்தின் அடியில் 'சிந்தனை மீட்சி' என்று எழுதுவோமே, அதுபோல. எட்டாத பாடத்தை எட்டியதாக எழுதும் ஆசிரியரும் உண்டு. மறு வாரம் வகுப்பில் அகப்பட்டுக்கொள்வார்.

கூகுளிலும் முகநூலிலும் ஒருசேர விளம்பரம் செய்பவர்களுக்கு இன்னொரு புதிர் காத்திருக்கும். கூகுள், நான் 35 விற்பனை கொண்டுவந்தேன் என்னும். முகநூல், நான் 30 கொண்டுவந்தேன் என்னும். கூட்டினால் 65. கடையில் எண்ணிப் பார்த்தால் புதிய வாடிக்கையாளர் 45 பேர்தான்! இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆள் காலையில் முகநூலில் விளம்பரத்தைக் கண்டு, மாலையில் கூகுளில் தேடி வந்து வாங்கினால், இருவருமே அவரைத் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். எது சரி என்று தெரிய ஒரு புத்தகம் வேண்டும். நம் நாட்டுச் சில்லறைக் கடைகளில் கடன் எழுத 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும், பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதைப்போல ஒன்றைக் கடையில் வைத்து, "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரையும் கேட்டு ஒரு சொல் எழுதிவைத்தால் போதும். இயந்திரம் சொல்லும் எண்ணை அந்தப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கத் தெரிந்தவனே நல்ல நிர்வாகி.

பழைய பதிவுகளை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வதும் தேவை. இணையத்தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று அளக்கும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் முறை 2023 ஜூலை 1 அன்று புதிய தரவு ஏற்பதை நிறுத்தியது. 2024இல் பழைய பதிவுகளும் பார்வைக்குக் கிடைக்காமற்போயின. முன்கூட்டி அறிவித்துத்தான் செய்தார்கள். வாடிக்கையாளரின் பதிவுகளை எடுத்துவைத்த நிறுவனங்களும் உண்டு, எடுத்துவைக்காதவையும் உண்டு.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். வாட்ஸ்அப்பில் விசாரித்த 60 பேரின் பெயரும் எண்ணும் நம் பிள்ளையிடம் இருக்கின்றன. அடுத்த வாரம் வேறொரு பலகாரக் கடைக்காரர் வாடிக்கையாளராக வந்தால், அந்தப் பட்டியலை அவருக்குக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. 2024இல் திருத்தப்பட்டு, பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கும் அதைப் பாதுகாக்கும் கடமை 2025 முதல் நேராகச் சுமத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர்கள் அம்மையாரை நம்பிக் கொடுக்கப்பட்டவை.

மூலிகைத் தைலம் விற்பவர் ஒருவர் வந்து, "நீரிழிவு அடியோடு தீரும் என்று போடு தம்பி" என்று சொன்னால்? 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முடியாது என்று மறுப்பதுதான் அங்கே வேலை. வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் செய்வது பணிவு என்று நம் பிள்ளைகளில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதைச் செய்துவிட்டுப் பிறகு விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டால், முதலில் ஏசுவதும் அதே வாடிக்கையாளர்தான்.

ஒருவர் எத்தனை கணக்குகளைக் கவனிக்கலாம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்கின் அளவைப் பொறுத்தது. ஆனால் ஒரு சோதனை உண்டு. வாடிக்கையாளர் திடீரென்று அழைத்து, "இப்போது என்ன ஓடுகிறது, எவ்வளவு போயிருக்கிறது?" என்று கேட்டால், கணினியைத் திறக்குமுன்னமே பெருமளவு சொல்லத் தெரியவேண்டும். சொல்ல முடியாத எண்ணிக்கை வந்துவிட்டால் கணக்குகள் மிகுந்துவிட்டன என்று கொள்ளலாம். நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்குப் பின்வரிசைப் பிள்ளையின் பெயர் மறந்துபோவதுண்டல்லவா? இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கெல்லாம் உடனுக்குடன் பதில் எழுதுவதும் தேவையில்லை. திங்கட்கிழமை காலை கணக்கு வரும் என்பது உறுதியாகத் தெரிந்தால், பெரும்பாலோர் இரவில் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக, பிரிவு. எந்தக் கணக்கும் ஒரு நாள் கைமாறும். அம்மையாரின் மகளே தொழிலைக் கற்றுக்கொண்டு நடத்தலாம்; வேறு நிறுவனம் மலிவாக வரலாம். அப்போது ஒப்படைக்கவேண்டியவை ஒரு தாளில் அடங்கும்: எந்தெந்தக் கணக்குகள் எந்தப் பெயரில் உள்ளன, உள்ளே நுழைய உரிமை பெற்றவர்கள் யார், இணையத்தளப் பெயர் எந்நாளில் புதுப்பிக்கப்படவேண்டும், விலக்குப் பட்டியலில் உள்ள சொற்கள், இதுவரை செய்த மாற்றங்கள், அடுத்த தீபாவளிக்கு எப்போது தொடங்கினால் நலம் என்பதான குறிப்பு. செய்து வைத்த படங்களும் காணொளிகளும் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கவேண்டும். பிரியும் நாளில் அதைப் பேசத் தொடங்கினால் வழக்கில்தான் முடியும். தாளை ஒப்படைத்தபின் நம் பிள்ளை கிள்ளானுக்குப் போய், கணக்கில் நிறுவனத்தின் இணைப்பு எங்கே இருக்கிறது, அதை நீக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அம்மையாருக்குக் காட்டவேண்டும். அதை அவரே தம் விரலால் தொட்டு நீக்கவேண்டும். அதற்குப் பலகாரம் ஓர் ஈடு வேகும் நேரம்கூட ஆகாது.